பூச்சு பூசிய கம்பி கான்கிரீட்டைப் பிடிக்குமா? எவ்வளவு பிடிக்கும்?

கேள்வி இதுதான்: துருவைத் தடுக்க கம்பிக்கு எபாக்சியோ துத்தநாகமோ வேறு ஏதாவது பூச்சோ கொடுத்தால், கான்கிரீட்டுடன் அதற்குள்ள பிடிப்பு குறையுமா? குறைந்தால் லேப் நீளத்தை (ஒரு கம்பியைத் தொடர இன்னொரு கம்பியை அதன் பக்கத்தில் சேர்த்துப் போடும் நீளம்) கூட்ட வேண்டுமா, எவ்வளவு கூட்ட வேண்டும்?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆலையில் சூடாக்கி உருக்கி ஒட்டிய எபாக்சி என்றால் பிடிப்பு குறையும். 15 சதவீதத்தில் தொடங்கி மூன்றில் ஒரு பங்கு வரை போகும். கால்வனைஸ் கம்பியில் (துத்தநாகம் பூசியது), கான்கிரீட் முதிர்ந்த பிறகு கணக்கில் எடுக்க வேண்டிய குறைவு எதுவும் இல்லை. சிமென்ட் அடிப்படையிலான பூச்சு, சொன்னபடி பூசினால் பெரிதாகக் கெடுக்காது. சைட்டில் டப்பாவைத் திறந்து அடிக்கும் எனாமல், ரெட் ஆக்சைடு வகைகள் கூடவே கூடாது.

இந்த நான்கு வரியை மட்டும் வைத்துக்கொண்டு டிராயிங் போட்டால் தவறு வரும். ஏனென்றால் அதே எபாக்சிக் கம்பி ஓரிடத்தில் 15 சதவீதமும் இன்னோரிடத்தில் 34 சதவீதமும் இழக்கிறது. அந்த வித்தியாசத்துக்குக் காரணம் பூச்சு இல்லை. கம்பியைச் சுற்றி எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது என்பதுதான்.

பிடிப்பு எங்கிருந்து வருகிறது

சிமென்ட் பசை இறுகும்போது கம்பியின் சொரசொரப்பான ஆக்சைடு மேற்பரப்பில் போய்ப் பற்றிக்கொள்கிறது. இது ஒட்டுதல். மிகச் சிறிய நகர்விலேயே அறுந்துவிடும் என்பதால் இறுதி வலிமையில் இதன் பங்கு குறைவு. அடுத்தது உராய்வு. மூன்றாவது, கம்பியின் மேலிருக்கும் ரிப்கள், அதாவது புடைத்த வரிகள், கான்கிரீட்டில் முட்டி நிற்பது. ரிப் இல்லாத வழுவழுப்பான உருண்டைக் கம்பிக்கு முதல் இரண்டு மட்டும்தான் உண்டு. அதனால் அதன் மேல் வழுக்கும் பூச்சு எதைப் பூசினாலும் பிடிப்பு ஏறக்குறைய முழுதும் போய்விடும். கான்கிரீட் சாலைகளின் இணைப்புகளில் போடும் டவல் கம்பிகளுக்கு வேண்டுமென்றே பூச்சும் கிரீஸும் தடவுவது இதற்காகத்தான். அங்கே கம்பி நகர வேண்டும்.

ரிப் கம்பியில் சுமையின் பெரும்பகுதியை முட்டுதலே தாங்குகிறது. ‘அப்படியென்றால் மேலே ஒரு மெல்லிய பூச்சு இருந்தால் என்ன கெட்டுவிடும்?’ என்று பலர் கேட்பது இதை வைத்துத்தான். கேள்வி நியாயமானது, ஆனால் ரிப்பின் முகம் சரிவானது என்பதை அது கணக்கில் எடுக்கவில்லை.

கம்பியை இழுக்கும்போது அந்தச் சரிவு கான்கிரீட்டை முன்னால் தள்ளுவதோடு வெளிப்பக்கமும் தள்ளுகிறது. மரத்தைப் பிளக்க அடிக்கும் ஆப்பு செய்யும் வேலையேதான். ரிப் முகத்தில் உராய்வு அதிகமாக இருந்தால் விசை கம்பியின் திசைக்குச் சாய்ந்து, வெளிப்பக்கத் தள்ளல் குறைகிறது. உராய்வு குறைந்தால் அதே இழுவைக்கு வெளிப்பக்கத் தள்ளல் கூடுகிறது. ரிப் முகம் 45 பாகையில் இருப்பதாக வைத்துக்கொண்டால், வெளித்தள்ளலுக்கும் இழுவைக்கும் உள்ள விகிதத்தை எளிதாகக் கண்டுபிடிக்கலாம்: ஒன்றிலிருந்து உராய்வுக் கெழுவைக் கழித்து, அதை ஒன்றோடு கெழுவைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். கெழு 0.56 என்றால் விகிதம் 0.28. பூச்சினால் கெழு 0.49 ஆனால் விகிதம் 0.34. கெழுவில் குறைந்தது எட்டில் ஒரு பங்கு; கான்கிரீட்டைப் பிளக்கும் விசை கூடியதோ சுமார் 20 சதவீதம். மைக்ரான் கணக்கில் இருக்கும் ஒரு படலம் லேப் நீளத்தை மாற்றுவது இப்படித்தான்.

எபாக்சியின் மேல் ஒட்டுதலும் கிடையாது. அது நீரை உறிஞ்சாத, வழுவழுப்பான பரப்பு. சிமென்ட் பசை அதைச் சுற்றி இறுகுமே தவிர அதைப் பற்றாது. சோதனைக்குப் பிறகு உடைத்துப் பார்த்தால், கருப்புக் கம்பியின் (பூச்சில்லாத சாதாரணக் கம்பி) மேல் சிமென்ட் துணுக்குகள் ஒட்டியிருக்கும். எபாக்சிக் கம்பியோ துடைத்து எடுத்ததுபோல் சுத்தமாக இருக்கும். கான்கிரீட்டில் அது விட்ட பள்ளமும் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருக்கும்.

பிளக்குமா, உருவிக்கொண்டு வருமா

கம்பி தோற்பதில் இரண்டு வகை உண்டு. ‘கவர்’ எனப்படும், கம்பியை வெளியே மூடும் கான்கிரீட்டின் தடிமனும் கம்பிகளுக்கிடையே உள்ள இடைவெளியும் போதாவிட்டால், கம்பி நீளத்துக்குக் கான்கிரீட் பிளந்து கவர் பெயர்ந்துவிடும். சுற்றிலும் போதுமான கான்கிரீட்டோ நெருக்கமான ஸ்டிரப்போ (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி) இருந்தால் பிளவு அடக்கப்படுகிறது. அப்போது ரிப்களுக்கு இடையில் இருக்கும் கான்கிரீட் நொறுங்கி, கம்பி உருவிக்கொண்டு வரும். முதல் வகையில் வெளித்தள்ளல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆகவே உராய்வுக் குறைவு நேராகத் தாக்குகிறது. இரண்டாவது வகையில் கான்கிரீட்டின் நொறுங்கு வலிமை முக்கியம். பூச்சின் பாதிப்பு குறைவு.

ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ட்ரீஸும் ஜிர்சாவும் லேப் போட்ட பீம்களில் சோதனை நடத்தி, 1989இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிளவில் தோற்றவற்றில் எபாக்சிக் கம்பியின் பிடிப்பு, கருப்புக் கம்பியினுடையதில் சராசரி 66 சதவீதம்தான். அதற்கு முன்பு மற்றவர்கள் செய்த, உருவலில் தோற்ற சோதனைகளில் சுமார் 85 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் தலைகீழாக்கினால் 1.5, ஏறக்குறைய 1.2. அமெரிக்க விதிநூலான ஏசிஐ 318 தரும் பெருக்கெண்கள் இவைதான்: கவர் கம்பி விட்டத்தின் 3 மடங்குக்குக் குறைவாகவோ, கம்பிகளுக்கிடையே வெற்றிடம் 6 மடங்குக்குக் குறைவாகவோ இருந்தால் 1.5, மற்ற இடங்களில் 1.2. கால்வனைஸ் கம்பிக்கு 1.0. துத்தநாகத்தின் மேல் எபாக்சி போட்ட இரட்டைப் பூச்சுக்கு எபாக்சியின் கணக்கே. கான்கிரீட் தொடுவது வெளிப்புறத்தில் உள்ள எபாக்சியைத்தானே.

இந்திய விதிநூல் ஐஎஸ் 456 இதை இன்னொரு விதமாகக் கையாள்கிறது. எபாக்சிக் கம்பிக்குப் பிடிப்புத் தகைவை அட்டவணை மதிப்பில் 80 சதவீதமாக எடுக்கச் சொல்கிறது. அதாவது நீளம் 1.25 மடங்கு. ஒரே எண் என்பதால் கணக்கு சுலபம். ஆனால் நெருக்கமாகக் கம்பி அடுக்கிய, கவர் குறைந்த ஸ்லாபில் இந்த 1.25 எனக்குக் குறைவாகவே படுகிறது. அப்படிப்பட்ட இடங்களில் 1.5 வைத்து ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 16 மி.மீ. கம்பி, 420 மெகா பாஸ்கல் எஃகு, 28 மெகா பாஸ்கல் சிலிண்டர் வலிமையுள்ள கான்கிரீட், 150 மி.மீ. இடைவெளி, ஸ்டிரப் இல்லை. கவர் 40 மி.மீ. ஏசிஐ 318இன் விரிவான சூத்திரப்படி, பூச்சில்லாத கம்பிக்கு இழுவையில் நங்கூர நீளம் (விசை முழுதையும் கான்கிரீட்டுக்குக் கொடுக்கக் கம்பி புதைந்திருக்க வேண்டிய நீளம்) சுமார் 370 மி.மீ. எபாக்சி என்றால் கவர் 48 மி.மீ.க்குக் குறைவு, ஆகவே 1.5. நீளம் 555 மி.மீ. இப்போது கவரை 50 மி.மீ. ஆக்குங்கள். 3 மடங்கைத் தாண்டிவிட்டது. கம்பிகளுக்கிடையே வெற்றிடம் 134 மி.மீ., அதுவும் 6 மடங்கான 96ஐத் தாண்டிவிட்டது. பெருக்கெண் 1.2 ஆகிறது, நீளம் 445 மி.மீ. பத்து மி.மீ. கவர் கூடியதில் ஒவ்வொரு முனையிலும் 110 மி.மீ. கம்பி மிச்சம். ஏசிஐ 318 வழக்கமாகக் கேட்கும் பி வகை லேப்புக்கு இவற்றை 1.3ஆல் பெருக்கினால் முறையே 480, 720, 575 மி.மீ. என வரும்.

மேல் கம்பிக்கு, அதாவது அடியில் 300 மி.மீ.க்கு மேல் பச்சைக் கான்கிரீட் (புதிதாக ஊற்றிய, இன்னும் இறுகாத கான்கிரீட்) இருக்கும் கம்பிக்கு, தனியாக 1.3 உண்டு. கான்கிரீட் படிந்து இறங்கும்போது நீர் மேலேறி கம்பியின் அடிப்பக்கத்தில் தேங்குவதால் வரும் குறைவு அது. 1.3ஐயும் 1.5ஐயும் பெருக்கினால் 1.95 வரும்; ஆனால் விதிநூல் 1.7க்கு மேல் போக வேண்டாம் என்கிறது. இது தாராள மனதால் வந்த சலுகை இல்லை. மேல் கம்பியில் கெடுவதும் அடிப்பக்கத்து ஒட்டுதலும் உராய்வும்தான். அவற்றைப் பூச்சு ஏற்கெனவே எடுத்துவிட்டது. ஒரே இழப்பை இரண்டு முறை கழிக்கக் கூடாது.

கொக்கி போட்ட கம்பிக்கு எபாக்சியின் பெருக்கெண் 1.2 மட்டுமே, ஏனென்றால் அங்கே வளைவின் உட்புறம் முட்டித் தாங்குகிறது. அழுத்தத்தில் இருக்கும் கம்பிக்கு எபாக்சிப் பெருக்கெண்ணே கிடையாது. நங்கூரத்துக்கு இடம் போதாத பீம்-தூண் சந்திப்பில் நேர்கம்பியை நீட்டுவதைவிடக் கொக்கிக்குப் போவது மலிவு.

நீளத்தைச் சரிசெய்தாலும் ஒன்று மீதி இருக்கும். எபாக்சிக் கம்பியில் ஒரே சுமைக்கு நகர்வு அதிகம். அதனால் விரிசல்கள் எண்ணிக்கையில் குறைந்து, அகலத்தில் கூடும். நீர்த்தொட்டி, பாலத் தளம் போன்று விரிசல் அகலம் முக்கியமான இடங்களில் பெரிய விட்டத்தில் குறைவான கம்பிகளைப் போடுவதைவிட, சிறிய விட்டத்தில் நெருக்கமாகப் போடுவது நல்லது. ஆனால் 6 மடங்கு இடைவெளியை விட்டுக் கீழே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தடிமன் எவ்வளவு முக்கியம்

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். நினைப்பதைவிடக் குறைவாகவே முக்கியம், அதுவும் சிறிய கம்பியில் மட்டும். அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் ஏ775 தரநிலைப்படி 16 மி.மீ. வரையிலான கம்பிக்கு 175 முதல் 300 மைக்ரான்; அதற்கு மேற்பட்டவற்றுக்கு 175 முதல் 400 மைக்ரான். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் டார்வினும் உடனிருந்தவர்களும் செய்த சோதனைகளில், 19 மி.மீ.யும் அதற்கு மேலும் உள்ள கம்பிகளில் சுமார் 125 முதல் 300 மைக்ரான் வரை தடிமன் மாறினாலும் பிடிப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. சிறிய கம்பிகளில் தடிமன் கூடக்கூடப் பிடிப்பு இறங்கியது.

காரணத்தை ரிப்பின் உயரத்தில் பார்க்கலாம். 10 மி.மீ. கம்பியில் ரிப்பின் குறைந்தபட்ச உயரம் 0.38 மி.மீ.; 16 மி.மீ. கம்பியில் 0.71 மி.மீ. பூச்சு மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே அளவாகப் படிந்தால் உயரம் மாறாது. ஆனால் உருகிய எபாக்சி ரிப்பின் அடி மூலையில் தேங்கி, மூலையை உருட்டிவிடும். 0.38 மி.மீ. ரிப்பின் அடியில் 0.3 மி.மீ. பூச்சு தேங்கினால் முகத்தின் சரிவு தணிந்து, முட்டும் பரப்பும் சுருங்கும். அதனால் பூச்சுக்கு அனுப்பும் கம்பியில் ரிப் உயர்ந்தும் நெருக்கமாகவும் இருப்பது உதவும். ரிப்பின் முட்டும் பரப்பு அதிகமுள்ள கம்பிகளில் எபாக்சியால் வரும் இழப்பு குறைவு என்பதும் அதே கான்சாஸ் ஆய்வுகள் காட்டியதுதான். சைட்டில் சேதத்தை ஒட்டுப்போடும்போது பிரஷ்ஷால் அப்பி ரிப்களுக்கிடையே உள்ள பள்ளத்தை நிரப்பிவிடுவது, ஆலைப் பூச்சின் தடிமனைவிட மோசமான விளைவைத் தரும்.

எஃகுக்கும் பூச்சுக்கும் நடுவே

பிடிப்பு என்றதும் கான்கிரீட் பக்கத்தையே பார்க்கிறோம். பூச்சு எஃகை விட்டு உரிந்தால் ரிப்பின் மேல் ஒரு தளர்ந்த உறை மட்டுமே மிஞ்சும். அதனால்தான் ஆலையில் கம்பியை மணல் அல்லது எஃகுத் துகள் வீசி வெள்ளை உலோகத்துக்கு நெருக்கமாகச் சுத்தம் செய்து, 40 முதல் 100 மைக்ரான் அளவில் சொரசொரப்பு ஏற்படுத்தி, சுமார் 230 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, மின்னூட்டிய தூளைத் தூவுகிறார்கள். இந்த வரிசையில் எது குறைந்தாலும் வளைக்கும்போது வெளிப்பக்கத்தில் பூச்சு வெடிக்கும்.

எபாக்சிக் கம்பி முதன்முதலில் 1973இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பாலத்தில் போடப்பட்டது. பனி உருக்கும் உப்பு விழும் பாலத் தளங்களில் அது நன்றாகவே உழைத்தது. ஃபுளோரிடா கீஸ் தீவுப் பாலங்களின் கடல்நீர் தெறிக்கும் அடிப்பகுதிகளில் கட்டிச் சில ஆண்டுகளிலேயே பூச்சுக்கு அடியில் துரு வந்தது. 1980களின் பிற்பகுதியில் அது பெரிய விவாதமானது. எப்போதும் ஈரமும் வெப்பமும் இருந்தால், சிறு காயங்களிலிருந்து தொடங்கி எபாக்சி எஃகைவிட்டுப் பிரிகிறது என்பதே அங்கே கற்றது. சேதமில்லாமல் கையாள்வது துருவுக்கும் பிடிப்புக்கும் பொதுவான தேவை.

கையாளும் முறை பெரிய வித்தை இல்லை. நைலான் பட்டையால் தூக்குவது, பல இடங்களில் தாங்கு கொடுத்து வளையாமல் ஏற்றுவது, தரையில் இழுக்காமல் இருப்பது, பிளாஸ்டிக் பூசிய கட்டுக் கம்பியும் கவர் பிளாக்கும் பயன்படுத்துவது, வைப்ரேட்டர் தலைக்கு ரப்பர் உறை போடுவது. வெட்டுவதை ரம்பத்திலோ கத்தரியிலோ செய்ய வேண்டும், எரிவாயுச் சுடரில் கூடாது. வெட்டிய முனைகளையும் உரசல்களையும் இரண்டு பாகம் கலக்கும் எபாக்சியால் அன்றே மூட வேண்டும். எந்த ஒரு 300 மி.மீ. நீளத்திலும் சேதம் பரப்பில் 2 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் கம்பியை ஒதுக்குவதே வழக்கம். வெயிலில் ஒன்றிரண்டு மாதம் கிடக்கும் என்றால் ஒளி புகாத விரிப்பால் மூட வேண்டும். புற ஊதாக் கதிரில் எபாக்சி வெளுத்து நொறுங்கும்.

கால்வனைஸ்: முதல் நாட்கள் வேறு, பிறகு வேறு

சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த கம்பியின் கதை முற்றிலும் வேறு. ஏஎஸ்டிஎம் ஏ767இல் முதல் வகுப்புப் பூச்சு சதுர மீட்டருக்கு 1070 கிராம், ஏறக்குறைய 150 மைக்ரான். இரண்டாம் வகுப்பு 610 கிராம், சுமார் 85 மைக்ரான். இந்தப் பரப்பு எபாக்சியைப்போல் செயலற்றது இல்லை. பச்சைக் கான்கிரீட்டின் காரத்தில் துத்தநாகம் வினைபுரிந்து கால்சியம் ஹைட்ராக்சி சிங்கேட் என்ற படிகப் படலத்தை உண்டாக்குகிறது. இந்தப் படலம்தான் மேற்கொண்டு கரையாமல் தடுக்கிறது. சிமென்ட் பசையோடு கோர்த்துக்கொண்டு பிடிப்புக்கும் உதவுகிறது.

அந்த வினை இரண்டு பக்கவிளைவுகளைத் தருகிறது. ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அது கம்பியை ஒட்டிக் குமிழிகளை விட்டால் அங்கே கான்கிரீட் நுண்துளை மிகுந்ததாகும். கரைந்த துத்தநாகம் கம்பியைச் சுற்றிச் சிமென்ட் இறுகுவதையும் தாமதப்படுத்தும். அதனால் முதல் சில நாட்களில் எடுக்கும் பிடிப்புச் சோதனையில் கால்வனைஸ் கம்பி பின்தங்கும். 28 நாளிலோ சற்றுப் பிறகோ கருப்புக் கம்பியை எட்டிவிடும், சில சோதனைகளில் தாண்டியும் போகும். இதிலிருந்து சைட்டுக்கு ஒரே பாடம்: சீக்கிரமே சென்ட்ரிங் பிரித்து லேப்பின் மேல் சுமை ஏற்றும் திட்டம் இருந்தால், கால்வனைஸ் கம்பியில் கூடுதலாகக் காத்திருங்கள்.

இந்த வினையை அடக்கத்தான் கால்வனைஸ் செய்ததும் குரோமேட் கரைசலில் முக்குகிறார்கள். வழக்கமான அளவு 0.2 சதவீத சோடியம் டைகுரோமேட். முன்பெல்லாம் சிமென்டிலேயே சிறிதளவு குரோமேட் இருந்து அந்த வேலையைச் செய்துவிடும். ஐரோப்பாவில் தொழிலாளர்களின் தோல் நலனுக்காக ஆறிணைதிறக் குரோமியத்தை மில்லியனில் 2 பாகத்துக்குக் கட்டுப்படுத்திய பிறகு, அந்தத் தற்செயல் பாதுகாப்பு அங்கே போய்விட்டது. சிமென்டின் காரம் மிக அதிகமானால், துளைநீரின் (கான்கிரீட்டின் நுண்துளைகளில் இருக்கும் நீர்) பிஎச் 13.3ஐத் தாண்டினால், படிகங்கள் பெரிதாகிப் படலம் மூடாமல் போகும். துத்தநாகம் தொடர்ந்து கரையும். உயர்காரச் சிமென்டோடு கால்வனைஸ் கம்பியைச் சேர்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

கால்வனைஸ் செய்த பிறகு சிறு வளைவாக வளைத்தால் வெளிப்பக்கத்தில் பூச்சு செதில் செதிலாக வெடிக்கும். முடிந்தவரை வளைத்துவிட்டுப் பிறகு முக்குவது நல்லது. அதற்கும் வளைவு விட்டம் பெரிதாக இருக்க வேண்டும், இல்லையேல் வளைத்த இடத்தில் எஃகே நொறுங்கும் தன்மை பெறும். ரிப்களுக்கிடையே துத்தநாகக் கட்டிகள் உறைந்து நின்றால் ஆலையிலேயே திருப்பி அனுப்புங்கள்.

பழுதுபார்க்கும்போது பூசுவது

துருப்பிடித்த பழைய கம்பியைத் தோண்டி எடுத்துச் சுத்தம் செய்து பூசுவது தனி உலகம். இங்கே மூன்று வகை புழங்குகிறது: பாலிமரும் துரு தடுப்பியும் கலந்த சிமென்ட் கூழ், துத்தநாகம் செறிந்த எபாக்சி பிரைமர், வெறும் எபாக்சி. ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 15184இன் சோதனையில், 0.1 மி.மீ. நகர்வில் பூசிய கம்பி காட்டும் பிடிப்பு, பூசாததில் 80 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது அளவுகோல். வாங்கும் பொருளுக்கு இந்த அறிக்கையைக் கேளுங்கள்.

பாலிமர் சிமென்ட் கூழை வழக்கமாக இரண்டு கோட், கோட்டுக்குச் சுமார் 1 மி.மீ. என்று அடிப்பார்கள். இரண்டாவது கோட் காய்ந்து தூளாகும் அளவுக்கு விட்டுவிட்டு மார்ட்டர் போட்டால், நடுவில் பலவீனமான ஒரு தளம் உருவாகிவிடும். பாலிமர் கலக்காமல் வெறும் சிமென்டைக் கரைத்துக் கம்பியில் பூசி, நாட்கணக்கில் வெயிலில் காயவிட்டுக் கான்கிரீட் போடுவது இதன் மோசமான வடிவம். நீர் போதாமல் இறுகாத சிமென்ட் மாவு மட்டுமே அங்கே இருக்கும். துருவையும் தடுக்காது, பிடிப்பையும் கெடுக்கும். கையால் தேய்த்தால் உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் கம்பி பிரஷ் போட்டு எடுத்துவிடுங்கள். உதிராமல் இறுகப் பற்றியிருந்தால் விட்டுவிடலாம்.

எபாக்சி பிரைமர் அடித்தால் இரண்டாவது கோட் ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த குவார்ட்ஸ் மணலைத் தூவ வேண்டும். மணல் துகள்கள் பாதி புதைந்து, பாதி வெளியே நின்று மார்ட்டரைப் பிடிக்கும். மணல் தூவாத காய்ந்த எபாக்சியின் மேல் மார்ட்டர் நிற்காது. அதேபோல், பிரஷ் வழிந்து பழைய கான்கிரீட்டின் முகத்தில் எபாக்சி பட்டால், அந்த இடத்தில் பழையதும் புதியதும் ஒட்டாது. கம்பியின் பின்பக்கம் விரல் போகும் அளவுக்கு, 20 மி.மீ.யாவது, தோண்டாமல் பிரைமர் அடிக்க முயல்வதில்தான் இந்த வழிசல் நடக்கிறது.

எண்ணெய், பெயின்ட், துரு

எனாமல், ரெட் ஆக்சைடு போன்ற ஆல்கைடு அல்லது எண்ணெய் அடிப்படைப் பெயின்ட்களைக் கம்பிக்கு அடிக்கவே கூடாது. கான்கிரீட்டின் துளைநீர் பிஎச் 12.5க்கு மேல், அந்தக் காரத்தில் எண்ணெய் சோப்பாக மாறிவிடும். கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே சோப்புப் படலம் வைப்பதற்குச் சமம். வழுக்கலுக்கு வழுக்கல், துருவுக்கும் பாதுகாப்பில்லை. தூண் தலையில் பிற்காலத்துக்கு விட்டுவைக்கும் கம்பி முனைகளுக்கு இதை அடிப்பது மிகப் பரவலான பழக்கம். அந்த முனைதான் நாளை லேப்பாகப் போகிறது. அங்கே மெலிந்த கான்கிரீட்டில் பொதிந்து வைப்பதோ, பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவதோ சரி.

ஷட்டர் எண்ணெய் ரிப் கம்பியில் சிறிது பட்டால் முட்டுதல் காப்பாற்றிவிடும் என்பது உண்மைதான்; ஆனால் உராய்வைப் பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும். எண்ணெயை அடித்துவிட்டுக் கம்பி கட்டுங்கள், கட்டியபின் அடிக்காதீர்கள்.

துருவைப் பற்றி நேர்மாறான பயம் இருக்கிறது. இறுக ஒட்டிய இளந்துரு பிடிப்பைக் கெடுப்பதில்லை. சொரசொரப்பைக் கூட்டுவதால் சற்று உதவவும் செய்கிறது. உதிரும் செதில் துருதான் பிரச்சினை. கம்பி பிரஷ் போட்ட பிறகு எடையும் விட்டமும் ரிப் உயரமும் தரநிலைக்குள் இருந்தால் பயன்படுத்தலாம். கான்கிரீட்டுக்குள் போனபின் வளரும் துரு வேறு கதை: ஆரம்பத்தில் கம்பியைச் சுற்றி அழுத்தம் கூட்டிப் பிடிப்பைச் சற்று உயர்த்தும், கவர் பிளந்த மறுகணமே பிடிப்பு சரசரவென்று இறங்கும். எபாக்சியின் 15 சதவீத இழப்பைப் பெரிதாகப் பேசுபவர்கள் ஒப்பிட வேண்டியது இந்த இழப்போடுதான். முதலாவது கட்டும் முன்பே தெரியும். லேப்பை நீட்டி ஈடுகட்டலாம். இரண்டாவதற்கு வடிவமைப்பில் ஈடு கிடையாது.

முன்தகைவுக் கம்பிக்கு ஒரு வார்த்தை

முன்கூட்டி இழுத்து வார்க்கும் பீம்களில் இழைக்கயிற்றின் (எஃகு இழைகளை முறுக்கிய கயிறு) விசை முழுதும் பிடிப்பால்தான் கான்கிரீட்டுக்குப் போகிறது. அதில் ரிப்பும் இல்லை. அதனால் வழுவழு எபாக்சி பூசிய இழைக்கயிறு அங்கே உதவாது. எபாக்சியில் மணல் துகள் பதித்த வகைதான் வேண்டும். நீராவியில் பதப்படுத்தினால் இன்னொரு ஆபத்து: சூட்டில் எபாக்சி இளகும். விசையை விடும் நேரத்தில் இழைக்கயிற்றைச் சுற்றிய கான்கிரீட் சுமார் 65 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வந்து, இன்னும் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். தீயிலும் இதே இளகல்தான்.

சோதனை அறிக்கையை எப்படிப் படிப்பது

‘எங்கள் பூச்சில் 95 சதவீதப் பிடிப்பு’ என்று அறிக்கை வந்தால், சோதனை எது என்று முதலில் பாருங்கள். கனசதுரத்தின் நடுவே கம்பியை வைத்து இழுக்கும் சோதனையில் சுற்றிலும் தடித்த கான்கிரீட். தாங்கு தட்டு கான்கிரீட்டை அழுத்தியும் பிடிக்கிறது. பிளவுக்கு வழியே இல்லை, ஆகவே குறைவும் தெரியாது. உண்மையான ஸ்லாபில் 25 மி.மீ. கவருக்கு அடியில் இருக்கும் கம்பிக்கு அந்த எண் பொருந்தாது. பீம் முனைச் சோதனையான ஏஎஸ்டிஎம் ஏ944, அல்லது லேப் போட்ட பீம் சோதனையின் முடிவைக் கேளுங்கள். ஏ775 தரநிலை எபாக்சித் தூளை ஏற்பதற்கு ஏ944 சோதனையில் குறைந்தது 85 சதவீதம் கேட்கிறது. ஒப்பிட்ட கருப்புக் கம்பியும் பூசிய கம்பியும் ஒரே உருட்டலில் வந்தவையா என்பதும் முக்கியம். ரிப் மாறினால் பூச்சைப் பற்றிய ஒப்பீடே அர்த்தமில்லாமல் போகும். கால்வனைஸ் என்றால் எத்தனையாம் நாள் சோதனை என்று பாருங்கள். இறுதி வலிமை மட்டும் தந்து நகர்வு வரைபடம் தராத அறிக்கை, விரிசல் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று பொருள்.

ஏற்கெனவே செய்துவிட்டால்

கட்டிய கம்பியில் எனாமல் அடித்துவிட்டார்கள், கான்கிரீட் இன்னும் போடவில்லை என்றால், மணல் வீசி எடுப்பது ஒன்றே நம்பகமான வழி. பெயின்ட் நீக்கி ரசாயனம் ரிப் அடியில் மெழுகுபோல் தங்கிவிடும். சுடர் வைத்து எரித்தால் வெப்பத்தில் வலிமை பெற்ற டிஎம்டி கம்பியின் வெளித்தோல் வலிமை இழக்கும்.

எபாக்சிக் கம்பிக்குச் சாதாரண லேப் நீளம் விட்டுக் கட்டிவிட்டார்கள் என்றால், கான்கிரீட்டுக்கு முன் மூன்று வழிகள் உண்டு. லேப் பகுதியில் நெருக்கமாக ஸ்டிரப் சேர்த்துப் பிளவை அடக்கலாம். சூத்திரத்தில் ஸ்டிரப்பின் பங்கைச் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் மேலே போட்ட உதாரணத்தைப்போல் கவரின் பங்கு (கம்பி மையத்திலிருந்து கான்கிரீட் பரப்பு வரையுள்ள தூரத்தைக் கம்பி விட்டத்தால் வகுத்தது) ஏற்கெனவே சூத்திரம் அனுமதிக்கும் 2.5 என்ற உச்சத்தைத் தொட்டிருந்தால், ஸ்டிரப் சேர்ப்பதால் கணக்கில் எதுவும் குறையாது. அப்போது லேப்பின் நடுவில் மையம் வருமாறு ஒரு கூடுதல் கம்பியை, இரு பக்கமும் முழு நங்கூர நீளம் விட்டுச் சேர்க்கலாம். அது இடைவெளியைக் குறைப்பதால் 6 மடங்கு விதியை மறுபடி பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடமில்லை என்றால், இரு கம்பிகளை முனையோடு முனை இணைக்கும் இயந்திரக் கப்ளர்தான். கப்ளர் மாட்டத் தேய்த்த இடங்களில் எபாக்சியை மறுபடி பூச மறக்க வேண்டாம்.